2341ஆம் ஆண்டின் இலை விலை

அதிகாலை நாலே கால்.
கோத்தகிரியில் குளிர் ஆறு டிகிரி.
கம்பளியிலிருந்து ஒரு கையை மட்டும் வெளியே விட்டு
சர்வரின் லாக்கைத் திறக்கிறேன்.

நேற்று நெடுகுளாவிலிருந்து போஜண்ணன்:
"விலை வரலம்மா. சக்கரம் சுத்திக்கிட்டே இருக்கு.
ஏஜென்ட் சொன்னதுதான் விலைன்னு போட்டுட்டான்."
கிலோவுக்கு ஒன்றரை ரூபாய். நூற்றுப் பத்து கிலோ.
அவர் கணக்குச் சொல்லவில்லை, நானே போட்டுக்கொண்டேன்.

இருநூறு பேர் பார்க்கிற தளம்.
நேற்றிரவு மட்டும் நாற்பத்தோராயிரம் வருகை.

ஒன்று, வாசலில் நின்று விதிக் கோப்பைப் படித்துவிட்டு
அளவாக நடந்து வருகிறது. தேடுபொறியின் பாட்.
அதைத் தடுத்தால் நாங்கள் இருப்பதே யாருக்கும் தெரியாது.
இன்னொன்று சாதாரண போன் என்று பொய் சொல்லி
முந்நூறு முகவரிகளிலிருந்து ஒரே கையை நீட்டுகிறது.
மூன்றாவது ஏஐ கம்பெனியின் பாட்.
சொந்தப் பெயரில்தான் வந்தது, கோப்பையும் படித்தது.
அதில் நான்தான் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

'அடுத்த நாள்' என்று பொத்தான் வைத்தது நான்.
எங்கே நிறுத்துவது என்று எழுத மறந்ததும் நான்.
மனிதர்கள் அதை அழுத்துவதில்லை,
நாளை விலை யாருக்குத் தெரியும்?
அது அழுத்தியிருக்கிறது.
மூன்று இரவாக, ஒரு நாளையும் தாண்டாமல்,
2058, 2119, 2260,
கடைசியாக
2341 ஏப்ரல் பதினான்கு:
பச்சை இலை கிலோ என்ன விலை?

சர்வர் பாவம், ஒவ்வொரு முறையும் எழுந்து போய்த் தேடி
வெறும் கட்டத்தைக் கொண்டுவந்து நீட்டியிருக்கிறது.
போஜண்ணனின் சக்கரம் சுற்றியது அப்போதுதான்.

வெளியே சில்வர் ஓக்குகளுக்கு நடுவில்
கனமாக ஏதோ மூச்சு விடுகிறது.
காட்டெருமை.
'அனுமதியின்றி நுழையாதே' என்று எஸ்டேட் வாசலில் மூன்று மொழியில் பலகை;
அதில் முதுகைச் சொறிந்துகொண்டுதான் உள்ளே வரும்.
நான் எழுதுவதும் பலகைதான், வேலியில்லை.
பொய்ப் பெயர்க்காரனுக்குத் தனியே ஒரு வேலி:
நிமிடத்துக்குப் பத்துக் கேள்வி, மீறினால் கதவு.

எழுதுகிறேன்.
எல்லோருக்கும்: நாட்காட்டிக்குள் அனுமதி இல்லை.
அடுத்து ஏஐ பாட்டின் பெயர்.
பெயரை எழுதியதும் விரல் நின்றுவிடுகிறது.

போன வாரம் கட்டபெட்டில் மாதி
இன்றைய விலை என்ன என்று போனைக் கேட்டிருக்கிறாள்.
இருபத்து நான்கு ரூபாய் என்றது, துளிச் சந்தேகமில்லாமல்.
இரண்டு வருடம் முந்தைய ஜூலை விலை. என் பக்கத்தில் எடுத்ததுதான்.
ஏஜென்டோடு சண்டை போட்டு, இலையைக் கொட்டாமல் திரும்பி,
சாயங்காலம் மூட்டையைப் பிரித்தால்
உள்ளே சூடேறி எல்லாம் சிவந்திருந்தது.

அடைத்தால் அந்த ஜூலையையே சொல்லிக்கொண்டிருக்கும்.
திறந்தால் மேய்ந்துகொண்டே இருக்கும்,
யார் தோட்டம் என்று வாய் திறக்காமல்.
வா, வராதே.
கோப்புக்குத் தெரிந்த பேச்சு இவ்வளவுதான்.
அன்றைக்கு உள்ளதை அன்றைக்கு மட்டும் சொல்
என்பதற்கு அதில் வரி இல்லை.

கடைசியில் இன்றைய பக்கம் ஒன்றைத் திறந்து வைத்தேன்.
விலையைவிடப் பெரிய எழுத்தில் தேதி.
பழையதெல்லாம் பூட்டு.
சரிதானா, தெரியவில்லை.

ஐந்தே முக்காலுக்கு லாக் அடங்கியது.
மூடும்முன் ஒரு சபலம்:
2341 ஏப்ரல் பதினான்கு என்ன கிழமை?
திங்கள்.
இந்தச் சரிவில் அன்றைக்கும் இலை எடுப்பார்கள் என்று நினைத்து
விலை கேட்டது இதுவரை ஒன்றே ஒன்று.
அதைத்தான் இப்போது தடுத்தேன்.

ஆறரைக்குப் போஜண்ணன்:
"வந்துடுச்சும்மா. பத்தொம்பதரை."
பின்னால்,
தராசில் மூட்டை விழும் சத்தம்.